நீங்க எந்த குரூப்பு, சிஸ்டர்?

பதினைந்து வயதில் மனிதருக்கு எல்லாமே தெரிந்திருக்கும். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியாமல் போக ஆரம்பிக்கும். எனக்கு இப்போது ஓய்வு பெறும் வயது, கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது. ஆனால் பத்தாம் வகுப்பு முடித்த அந்தக் கோடையில் நீங்கள் என்னைப் பார்த்திருக்க வேண்டும். கள்ளக்குறிச்சி வட்டாரத்திலேயே என்னைப் போல ஓர் அறிவாளி கிடையாது. (இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகவே கண்டுபிடித்தேன். அறிவாளிகள் அப்படித்தான்.)

நான் நர்ஸாக வேண்டும் என்று முடிவெடுத்திருந்தேன். ஏழை எளியவர்களுக்குத் தொண்டு செய்யும் ஆசை என்று பேட்டிகளில் சொல்வார்கள். எனக்கு ஆசை தொப்பி மேல். என் பெரியப்பா மகள் செல்வி அக்கா கல்வராயன் மலைமேல் கரியாலூர்ப் பக்கம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவுக்கு வரும்போது பெட்டியிலிருந்து அந்த வெள்ளைத் தொப்பியை எடுத்து, கஞ்சி போட்டு, வெயிலில் காயவைப்பாள். அது காயும்வரை காக்கா வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தவள் நான். அந்தத் தொப்பிக்காக எந்தத் தியாகத்துக்கும் தயாராக இருந்தேன், படிப்பது ஒன்றைத் தவிர.

இன்னொரு காரணமும் இருந்தது. அதன் பெயர் பழனிவேலு. களமருதூரில் வாக்கப்பட்ட என் அத்தையின் மகன். நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் நெல்லைத் தவிர உலகத்தில் வேறு பொருள் இருப்பது அவருக்குத் தெரியாது. எங்கள் எலவனாசூர்கோட்டை வீட்டுக்கு ஒருமுறை வந்தபோது, அத்தை ஜாடை காட்டி அவரை என்னிடம் பேச அனுப்பினாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "உங்க பக்கம் புகையான் ஜாஸ்தியா?" என்றார். (புகையான் என்பது நெல்லைத் தாக்கும் பூச்சி. காதல் மொழி என்று நினைத்துவிட வேண்டாம்.)

அப்பா விவசாயி. படிப்பு வாசனை கம்மி, நியாயம் ஜாஸ்தி. அவர் தீர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். "யம்மா வாசுகி, பன்னண்டாவது முடிச்சதும் நர்சு சீட்டு கெடச்சுதுன்னா படி, ஒரு பயலும் உன்னக் கேக்க முடியாது. கெடைக்கல, களமருதூருதான். அப்பறம் அப்பங்கிட்ட வந்து அழுவக் கூடாது."

ஆகவே நர்ஸ் சீட்டு கிடைப்பதற்கு உரிய பாடங்களைப் பதினொன்றாம் வகுப்பிலேயே எடுத்தாக வேண்டும். கள்ளக்குறிச்சியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் சேர்க்கை அன்று அந்தப் பாடப் பிரிவுகளை எல்லோரும் குரூப்பு, குரூப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதல் குரூப்பில் கணக்கு இருந்தது, எனவே அதைப் பற்றிப் பேச்சில்லை. இரண்டாவது குரூப்பு பியூர் சயின்ஸ். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். நானும் யோசித்தேன். (யோசித்ததுதான் தப்பு.) நர்ஸ் என்பவள் மனிதர்களுக்கு ஊசி போடுகிறவள். நடுவில் செடிக்கு என்ன வேலை? தவளைக்கு என்ன வேலை? ஆஸ்பத்திரியில் செல்வி அக்கா தவளைக்குக் கட்டுப் போட்டு நான் பார்த்ததே இல்லை. செடி கொடிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் எங்கள் கரும்புக் கொல்லை இருக்கிறது, அப்பா இருக்கிறார், காசு கேட்காமல் சொல்லித் தருவார்.

அப்போதுதான் கடைசியாக இருந்த ஒரு குரூப்பு கண்ணில் பட்டது. வரலாறு, பொருளியல், மனையியல். மனையியல் புத்தகத்தை ஒரு சீனியர் அக்காவிடம் வாங்கிப் புரட்டினால், உள்ளே ஒரு பாடம்: 'நோயாளியைப் பராமரித்தல்'. கூடவே காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் படம். கட்டிலில் ஒரு நோயாளி. பக்கத்தில் சிரித்த முகமாக ஒரு பெண். தொப்பி மட்டும்தான் இல்லை, அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பியூர் சயின்ஸ் எடுத்த என் தோழி மல்லிகாவை நான் அன்றைக்குப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம் இருந்தது.

"நர்சுக்கு உண்டான குரூப்புதானேம்மா?" என்று அப்பா கேட்டார்.

"அதுக்குன்னே உண்டானதுப்பா" என்றேன். அவர் நம்பிவிட்டார். என்னைத் தவிர என்னை நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

அடுத்த மாதங்களில் நான் கற்றுக்கொண்டவை: சாம்பாருக்குப் பருப்பு வேகவைக்கும் முறை, சத்துமாவு உருண்டை, குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னுவது. எலவனாசூர்கோட்டை வெயிலில் எந்தக் குழந்தைக்கு ஸ்வெட்டர் போடுவது என்று நான் கேட்கவில்லை. நோயாளியைப் பராமரிக்கும் பாடம் புத்தகத்தின் கடைசியில் இருந்தது, அது வரும்போது வரட்டும் என்று இருந்தேன். இதற்கு நடுவில் விஷயம் கேள்விப்பட்டு அத்தை மட்டும் மிகவும் பூரித்துப்போனாள். "எம்மருமவளுக்குக் குடும்பம் நடத்தக் கவர்மெண்டே டீச்சர் வச்சு சொல்லிக் குடுக்குதாம்ல!" என்று களமருதூர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஒரு நாள் காலை பிரேயரில் தலைமை ஆசிரியை அறிவித்தார். "குரூப் மாத்திக்கறவங்க வர்ற திங்கட்கிழமைக்குள்ள பெற்றோரோட வந்து மாத்திக்கணும். அன்னைக்கு சாயந்திரம் பேரெல்லாம் மேலிடத்துக்குப் போயிடும். அதுக்கப்புறம் சாமியே வந்து கேட்டாலும் மாத்த மாட்டேன்." குரூப்பையே தப்பாகத் தேர்ந்தெடுக்கும் முட்டாள்களும் இருக்கிறார்களே என்று வரிசையில் நின்றபடி மனதுக்குள் உச்சுக்கொட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே, அம்மா சுட்டுக் கொடுத்த முறுக்கோடு செல்வி அக்காவைப் பார்க்க மலைக்கு பஸ் ஏறினேன். அந்த வருடங்களில் எங்கள் பக்கம் முழுக்க இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. டீக்கடையிலிருந்து கரும்பு ஏற்றும் வண்டிவரைக்கும் அதே பேச்சு. திங்கட்கிழமை சாலைமறியல் என்று சொன்னார்கள். அதனால் அப்பா, "ஞாயித்துக்கெழம மத்தியான பஸ்ஸப் புடிச்சு எறங்கிடு. நான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு இருப்பேன்" என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை செல்வி அக்கா முறுக்கைக் கடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"ஆமா, எந்த குரூப்புடி எடுத்த?"

"மனையியல்."

முறுக்கு பாதி வாயில் நின்றுவிட்டது. "இன்னா சொன்ன?"

நான் தெர்மாமீட்டர் படத்தைப் பற்றி விளக்கினேன். அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! செடி, தவள ரெண்டும் படிக்காம அப்ளிகேஷனையே கையால தொட மாட்டாங்கடி! உள்ள போயி ஒடம்பு பத்தித்தான் முழுக்கப் படிக்கணும். நீ சாம்பாரு வச்சுக் காட்டுவியா?"

திங்கட்கிழமை. மேலிடம். சாமியே வந்தாலும். அத்தோடு கண் முன்னால் பழனிவேலு வந்து நின்று, புகையான் ஜாஸ்தியா என்று கேட்டார். எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. அழுதேன். அழுகையின் நடுவில், ஞாயிற்றுக்கிழமை இறங்கிவிட்டால் திங்கள் காலை அப்பாவோடு போய் மாற்றிக்கொள்ளலாம் என்று செல்வி அக்கா ஆறுதல் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் மலை ஏறவே இல்லை. கீழே அதற்குள் மரத்தை வெட்டிப் போட ஆரம்பித்துவிட்டார்களாம்.

திங்கள் காலையில் ஆஸ்பத்திரி ஜீப் மட்டும் தடுப்பூசி மருந்து வாங்கக் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பியது. டிரைவர் கண்ணுசாமி அண்ணன் உள்ளூர்க்காரர், கல்வராயன் மலையின் மலையாளி இனத்தவர். (கேரளத்து மலையாளி வேறு, இவர்கள் வேறு. இது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.) "ஆஸ்பத்திரி வண்டின்னா வழி வுட்ருவாங்க. ஆனா சும்மா ஒரு பொண்ணு குந்திக்கினு வந்தா, சவாரி அடிக்கறேன்னு எறக்கி வுட்ருவாங்க" என்றார் அவர்.

செல்வி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு வலி எடுத்த பிரசவக் கேஸ் ஒன்று உள்ளே காத்திருந்தது, கூட வர முடியாது. சட்டென்று பெட்டியைத் திறந்தாள்.

ஆமாம். வெள்ளைச் சேலை, வெள்ளை ஜாக்கெட், தொப்பி. அக்கா நல்ல வாட்டசாட்டம், நான் அன்றைக்கு வெறும் குச்சி. ஜாக்கெட்டுக்குள் இன்னொரு ஆள் குடியிருக்கலாம். முதுகுப் பக்கம் முழுக்க ஊக்குகளாகக் குத்தி இழுத்துக் கட்டினாள். "வாயத் தொறக்காத. கேட்டா கரியாலூரு நர்ஸுன்னு சொல்லு, அவ்ளோதான்" என்று சொல்லித் தொப்பியை வைத்தாள். என் வாழ்க்கையே அழிந்துகொண்டிருந்தபோதும், ஜீப்பின் பக்கக் கண்ணாடியில் அந்தத் தொப்பியைப் பார்த்து நான் சிரித்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

மலை இறங்கி, கச்சிராயபாளையம் தாண்டியதும், சாலைக்குக் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் படுத்திருந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிறைய ஆட்கள். ஜீப் நின்றது. தலையில் துண்டு கட்டிய ஓர் இளைஞர் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"எங்கேருந்துங்க சிஸ்டர் வர்றீங்க?"

சிஸ்டர்! பிறந்ததிலிருந்து நான் காத்திருந்த சொல். "கரியாலூருங்க" என்றேன், செல்வி அக்கா குரலில்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சிஸ்டர். நீங்க எந்த குரூப்பு?"

இங்கே நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து என்னைப் பார்த்த ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியைத்தான் கேட்டிருந்தார்கள். மாமா, சித்தி, கண்டக்டர், தபால்காரர், எல்லோரும். அதற்கு என் வாய் ஒரே ஒரு பதிலுக்குத்தான் பழகியிருந்தது.

"மனையியல்" என்றேன்.

இளைஞர் விழித்தார். பின்னாலிருந்து ஒருவர், "இன்னான்றாங்க?" என்று கத்தினார்.

"இன்னாவோ மனையின்றாங்கப்பா!"

"மலையாளின்றாங்கடா! கரியாலூர்லேருந்து வர்றாங்கல்ல, மலை ஜனமாத்தான் இருப்பாங்க. அவங்களுக்கு ஒதுக்கீடு தனியா இருக்குது. வுடு வுடு!"

எங்கள் பக்கத்தில் யாரையும் நேராக என்ன சாதி என்று கேட்பது மரியாதை இல்லை, குரூப்பு என்று நாசூக்காகக் கேட்பார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சொன்னேனே, நான் அறிவாளி. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்த கண்ணுசாமி அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"எப்பலேருந்தும்மா?" என்றார் அடிக்குரலில்.

நான் வெளியே பார்த்தேன்.

அத்தோடு வழி விட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. இளைஞர் திரும்பி வந்தார். "சிஸ்டர், ஒரு நிமிஷம் எறங்குங்க. மரம் சாயறப்ப ஒருத்தருக்குக் கால்ல அடிபட்டுடுச்சு. ஒரு கட்டு மட்டும் போட்டு வுட்டுட்டுப் போங்க."

இறங்கினேன். என்ன செய்யச் சொல்கிறீர்கள்? தொப்பி போட்டிருக்கிறேனே. சாலையோரத்தில் கோவிந்தன் என்று ஒருவர், என் சித்தப்பா வயதிருக்கும், காலில் துண்டைச் சுற்றிக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். கூட்டம் வட்டமாக விலகி எனக்கு இடம் கொடுத்தது. எனக்குத் தெரிந்தவற்றை அவசரமாக நினைத்துப் பார்த்தேன். பருப்பு. சத்துமாவு. ஸ்வெட்டர்.

"சுடுதண்ணி கொண்டாங்க!" என்றேன் அதட்டலாக. எல்லா நர்ஸுகளும் முதலில் இதைத்தான் கேட்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எதற்கென்று தெரியாது. மறியல் செய்ய வந்த அத்தனை பேரும் சுடுதண்ணிக்கு ஓடினார்கள். பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு போணி நிறையக் கொண்டுவந்தார்கள். அதில் டீத்தூள் மிதந்தது. நான் அதை வாங்கி ஒருமுறை முகர்ந்து பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிக் கீழே வைத்தேன்.

"ரத்தம் ஏத்தணுங்களா சிஸ்டர்?" என்று ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "எவ்ளோ வேணுன்னாலும் எடுத்துக்குங்க. நாங்க எல்லாரும் ஒரே குரூப்புதான்!"

"அப்பன்னா கவல இல்ல" என்றேன். (விலங்கியல் படித்திருந்தால் கவலைப்பட்டிருப்பேன்.)

பிறகு குனிந்து, கோவிந்தன் காலில் இருந்த துண்டைப் பிரித்தேன். கட்டைவிரலைப் பார்த்தேன். அது விரல் போலவே இல்லை. அதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. ரத்தம் அவ்வளவு சிவப்பாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. புளியமரம், ஜீப்பு, ஜனங்கள் எல்லாம் ஒருமுறை சுற்றின. கடைசியாக எனக்குக் காதில் விழுந்தது, "ஐயோ சிஸ்டர்!" என்ற குரல்.

நான் மயங்கி விழுந்தேன். விழுந்ததுதான் விழுந்தேன், பக்கத்தில் நல்ல மண் தரை எவ்வளவோ இருந்தது. விழுந்தது கோவிந்தனின் அந்தக் கால் மேலேயே. அவர் போட்ட அலறல் கச்சிராயபாளையம் கடைத்தெருவரைக்கும் கேட்டதாகக் கண்ணுசாமி அண்ணன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார்.

அடுத்து நடந்தவை அண்ணன் சொல்லித் தெரிந்தவை. காலையெல்லாம் வேர்வை சிந்தி வெட்டிப் போட்ட மரத்தை, அவர்களே ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து வழி விட்டார்கள். என்னையும் கோவிந்தனையும் ஜீப்பின் பின்னால் ஏற்றினார்கள். வழியில் கிடந்த ஒவ்வொரு மரத்தடியிலும் அண்ணன் தலையை வெளியே நீட்டி, "நர்சம்மாவுக்கு சீரியஸு!" என்று கத்த, கதவு திறப்பது போல வழி திறந்ததாம். அவ்வளவு நேரமும் கோவிந்தன் நொறுங்கிய காலை நீட்டிக்கொண்டு, தன் துண்டால் எனக்கு விசிறிக்கொண்டே வந்திருக்கிறார். நோயாளியைப் பராமரித்தல் பாடத்தை எனக்கு நோயாளியே நடத்திவிட்டார்.

கண் விழித்தபோது கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். என் வெள்ளைச் சேலை முழுக்கக் கோவிந்தனின் ரத்தம். அதை என் ரத்தம் என்று நினைத்துக்கொண்டு ஒரு நர்ஸ், நிஜமான நர்ஸ், ஊசியோடு குனிந்து அவசரமாகக் கேட்டார்.

"எந்த குரூப்பு? சீக்கிரம் சொல்லும்மா."

இந்த முறை நான் ஏமாறத் தயாராக இல்லை. இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னால் வேலை நடக்கும் என்று காலையிலேயே தெரிந்துகொண்டுவிட்டேனே.

"மலையாளிங்க மேடம்."

"அடி, அத்த யாரு கேட்டா? ரத்தம் எந்த குரூப்பு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ரத்தத்துலகூடவா அதெல்லாம் பாப்பீங்க?" என்று கேட்டேன்.

அவர் ஊசியை மெதுவாகக் கீழே வைத்தார். என் ஜாக்கெட்டில் வரிசையாக இருந்த ஊக்குகளைப் பார்த்தார். "நீ எந்த ஊர்லம்மா நர்ஸிங் படிச்ச?" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, வாசலில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது.

அப்பா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து பஸ் ஸ்டாண்டிலேயே எனக்காகக் காத்துக் கிடந்திருக்கிறார். ராத்திரியும் அங்கேயேதான். காலையில் டீக்கடையில் யாரோ, கரியாலூர் நர்ஸ் மேல் புளியமரம் விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். செல்விதான் போய்விட்டாள் என்று பதறிக்கொண்டு ஓடி வந்தவர், கட்டிலில் என்னைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். அவர் முகம் மாறியது இன்னும் எனக்கு மறக்கவில்லை. முதலில் பயம், அப்புறம் குழப்பம், அதற்கப்புறம், நம்புங்கள், பெருமை.

"யம்மா! அதுக்குள்ள நர்சாக்கி வுட்டுட்டாங்களா? பரவால்லியே, இந்த குரூப்பு!"

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். தெர்மாமீட்டர் படம், செடி, தவளை, இன்றைக்குச் சாயங்காலம் எல்லாம் முடிந்துவிடும் என்பது. அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இத்தினி மாசமா இன்னாதாம்மா படிச்ச?"

"சாம்பாருப்பா."

"சாம்பாரா?" என்றார். "அத உங்கம்மா வூட்லயே சொல்லித் தருவாளேம்மா. அதுக்கு எதுக்கு டெய்லி பஸ்ஸு?" அவ்வளவுதான் சொன்னார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "எழுந்திரு. பள்ளிக்கூடத்துல ஆளு இருக்கறாங்களோ இல்லியோ, போய்ப் பாப்பம்."

வேறு துணி கிடையாது. ரத்தக் கறையோடு, தொப்பியோடு, கடையெல்லாம் அடைத்துக் கிடந்த கள்ளக்குறிச்சித் தெருவில் அப்பா பின்னால் நடந்தேன். மறியல் என்பதால் பள்ளிக்கூடத்தில் வகுப்பு இல்லை. ஹாஸ்டல் பிள்ளைகள் மட்டும் மரத்தடியில் படித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சேலையைப் பார்த்ததும், "ஊசி போட வந்துட்டாங்கடி!" என்று ஒருத்தி கத்தினாள். ஒரு நொடியில் மரத்தடி காலி. ஓடியவர்களில் முதல் ஆள் மல்லிகா. பியூர் சயின்ஸ்.

தலைமை ஆசிரியை அறையில்தான் இருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "இன்னைக்குப் பிள்ளைங்க யாரும் வரலியே, தடுப்பூசி அடுத்த வாரம் வச்சுக்கலாமா?" என்றார்.

"மேடம், நான் லெவன்த் மனையியல் வாசுகி. குரூப் மாத்தணும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எதுக்கு மாத்தணும்?"

"நர்ஸாவணும் மேடம்."

"அதான் ஆயிட்டியே" என்றார்.

அப்பா நடுவில் புகுந்தார். "கொயந்த தெரியாம எடுத்துடுச்சுங்க. அதுக்கு நர்சுதாங்க ஆவணும். இன்னிக்கு மாத்தலன்னா அது வாழ்க்கையே வேற பக்கம் போயிடுங்க." அந்த 'வேற பக்கம்' களமருதூர் என்பது எனக்குத் தெரியும். தன் சொந்த அக்கா வீட்டைப் பற்றி அப்பா அப்படிப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மேடம் என் சேலையைக் காட்டினார். "இது யாரு ரத்தம்?"

"பேஷண்ட் ரத்தம் மேடம்" என்றேன். அது பொய் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததை நானும் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. மேடம் முகத்தில் மெல்ல ஒரு மரியாதை படர்ந்தது. மூன்று மாதப் பாடத்தையும் பரீட்சைக்குள் படித்து முடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்தார்.

"சரி, சொல்லு. எந்த குரூப்பு?"

நான் வாயை இறுக்க மூடிக்கொண்டேன். அந்தக் கேள்விக்கு என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அப்பாதான் சொன்னார்.

"தவள அறுக்கற குரூப்புங்க மேடம்."

இப்படியாக நான் பியூர் சயின்ஸில் சேர்ந்தேன். விலங்கியல் முதல் பிராக்டிகலில் தவளையை அறுத்ததும் மயங்கி விழுந்தேன். (இந்த முறை மல்லிகா மேல்.) இரண்டாவது தவளைக்கு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் தவளைகள்தான் என்னைப் பார்த்து மயங்கின. நர்ஸ் சீட்டு கிடைத்தது. பழனிவேலு வேறொரு நல்ல பெண்ணைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார், அந்தப் பக்கம் இப்போது புகையான் கம்மியாம். கோவிந்தனின் விரல் தப்பியது. அவர் பல வருடங்கள் கழித்து நான் வேலை பார்த்த வார்டுக்கு யாரையோ பார்க்க வந்தபோது, என்னைக் கண்டதும் முதல் காரியமாகக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வீட்டில் இன்றைக்கும் யாராவது விரலை வெட்டிக்கொண்டால், மருந்து தேடுவதற்கு முன் என் கணவர், "முதல்ல உங்கம்மாவுக்கு ஒரு தலகாணி போடுங்க" என்பார். கண்ணுசாமி அண்ணன் உயிரோடு இருந்தவரை, மலையிலிருந்து பலாப்பழம் கொடுத்தனுப்பும்போதெல்லாம், எங்க ஜனத்துப் பொண்ணுக்கு என்று சொல்லித்தான் கொடுத்தனுப்பினார். என் மகள் பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுத்தபோதும், எந்த குரூப்பு என்று நான் கேட்டு முடிப்பதற்குள் வீடு முழுக்க ஒரே குரலில், "மலையாளி!" என்றது.

ஆனால் இத்தனை வருட வேலையில், அந்தக் கேள்வியை நாசூக்காகக் கேட்கிறவர்கள் மட்டும் குறையவே இல்லை. போராட்டமெல்லாம் முடிந்து, கேட்டவர்களுக்குக் கேட்டதில் கொஞ்சம் கிடைத்து, வெட்டிய இடத்தில் புது மரமும் வளர்ந்துவிட்டது. இருந்தாலும் ரத்தம் ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிறவர்கள்கூட, அந்த பாட்டிலில் யாருடைய ரத்தம் என்று கேட்காமல், பல்ஸ் பார்க்கும் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்பார்கள். அவர்களுக்கெல்லாம் நான் வைத்திருப்பது ஒரே பதில்தான். போன மாதம்கூட உளுந்தூர்பேட்டைப் பக்கத்து அம்மா ஒருத்தி, என் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தப்பா நெனச்சிக்காதம்மா, நீங்கள்லாம் இன்னா குரூப்பு?" என்றாள்.

"மனையியலுங்கம்மா."

அவள் யோசித்தாள். பிறகு திருப்தியாகத் தலையாட்டினாள்.

"தெரியும், தெரியும். எங்க ஊர்லகூட நாலு வூடு இருக்குது."